பனிச்சரிவும் குழுத்தலைவரின் பத்து நிமிடங்களும்: வாசகர் கேள்வி – பதில்

குளிர்காலத்தில் மலைக்குக் குழுவை அழைத்துச் செல்பவர்களின் பொறுப்புகளைப் பற்றி இப்பகுதியில் எழுதிய பின்பு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பனிச்சரிவைப் பற்றியே கேட்டிருந்தன. மீட்புக் கருவிகளைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகம். சாய்வுகளைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. பதில் எழுதும்போது அந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டேன். கருவிக்கு வேலை வருவதற்கு முன்பே தலைவர் செய்து முடித்திருக்க வேண்டிய வேலை ஏராளமாக இருக்கிறது.

கேள்வி: பனி மூடிய மலையில் எல்லாச் சாய்வுகளும் ஒன்றுபோலவே வெண்மையாகத் தெரிகின்றன. எது சரியும், எது சரியாது என்பதைத் தலைவர் எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: முதலில் பார்க்க வேண்டியது கோணம். ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில் புறப்படுகின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி பெரிதாகச் சேர்வதற்குள் சிறு சிறு உதிர்வாக விழுந்துவிடும்; அதைவிடத் தட்டையான இடத்தில் பனிப்பாளத்தை நழுவச் செய்யும் இழுவை போதாது. இந்தக் கோணங்களைக் கண்ணால் மதிப்பிடுவதில் பழகியவர்களும் தவறுகிறார்கள் என்பதால், சாய்வுமானியால் அளந்துவிடுவதே நல்லது. அதற்கும் முன்னதாக, முதல் நாள் இரவே வரைபடத்தை விரித்து வைத்துப் பார்க்கலாம். 1:25,000 அளவில், 10 மீட்டருக்கு ஒன்றாகச் சமஉயரக் கோடுகள் வரைந்த வரைபடத்தில், 30 டிகிரி சாய்வில் இரு கோடுகளுக்கு நடுவே சுமார் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். 40 டிகிரியில் அது அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்துவிடும். நாளைய பாதை அப்படி நெருங்கிய கோடுகளைக் கடக்கிறதா, அல்லது அவற்றுக்கு நேர் கீழே செல்கிறதா என்பதை அடுப்பருகே உட்கார்ந்திருக்கும்போதே தெரிந்துகொள்ளலாம்.

‘கீழே செல்கிறதா’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாம் நிற்கும் இடம் தட்டையாக இருப்பதனால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. சாய்வின் அடிவாரத்தில் நாம் வைக்கும் அடியே மேலே உள்ள பாளத்தை முறித்துவிடக்கூடும். பனிக்குள் ஓரிடத்தில் தொடங்கும் முறிவு, விரிப்பைப் பிடித்து இழுத்ததுபோல, வெகுதூரம் ஓடும்.

பாளம் என்ற சொல்லையும் விளக்க வேண்டும். ஆபத்தான பனிச்சரிவு பெரும்பாலும் பொடிப்பனி உருண்டு விழுவதாக இருப்பதில்லை. ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த ஒரு மேலடுக்கு, தன் கீழே இருக்கும் வலுவற்ற அடுக்கு நொறுங்கியதும், ஒரே பலகையாகப் பிரிந்து நழுவுகிறது. அந்த வலுவற்ற அடுக்கு உருவாகும் விதம் விந்தையானது. தரையை ஒட்டிய பனி ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸில் இருக்க, மேலே காற்று கடுங்குளிராக இருந்து, நடுவில் உள்ள பனியின் ஆழமும் குறைவாக இருந்தால், சிறு தொலைவுக்குள் பெரிய வெப்ப வேறுபாடு ஏற்படுகிறது. அப்போது பனிக்குள் இருக்கும் நீராவி மேல்நோக்கி நகர்ந்து, ஒட்டாத கோணல் படிகங்களாக வளர்கிறது. கையில் அள்ளினால் அது சர்க்கரைபோல உதிரும். இதனால்தான் பனி ‘குறைவாகப்’ பெய்த குளிர்காலத்தில் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவது பெரும் பிழையாகிவிடுகிறது. தெளிந்த வானமுள்ள இரவுகளில் மேற்பரப்பில் இறகுபோல வளரும் உறைபனிப் படிகங்கள் காலையில் காண்பதற்கு அழகானவை. அடுத்த பனிப்பொழிவு அவற்றை மூடிவிட்டால், நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், கண்ணுக்குத் தெரியாத பொறியாக அவை கிடக்கும்.

காற்றை மறந்துவிடக் கூடாது. வானத்திலிருந்து ஒரு துளி பனியும் விழாத நாளிலும், வலுவான காற்று முகட்டின் ஒரு புறத்துப் பனியை வாரி மறுபுறத்தில் கொட்டி, சில மணி நேரத்தில் அங்கே இறுகிய பாளத்தைக் கட்டிவிடும். ஆகவே கடந்த இரண்டு நாள்களில் காற்று எத்திசையிலிருந்து வீசியது என்ற கேள்விக்கு விடை தெரியாத தலைவர் காற்று மறைவான சாய்வுகளில் கால் வைக்கக் கூடாது. முகட்டின் விளிம்பில் தொங்கும் பனிக்கூரைகளும் அந்தக் காற்று விட்டுச் சென்ற கையெழுத்துத்தான். அவற்றின் மேலும் நடக்கக் கூடாது, கீழும் தங்கக் கூடாது.

மலை தானாகவே சொல்லும் அடையாளங்களும் உண்டு. அருகில் அண்மையில் நிகழ்ந்த சரிவு, காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமிழும் ஒலி, காலிலிருந்து புறப்பட்டு ஓடும் விரிசல், கடும் பனிப்பொழிவுக்கோ காற்றுக்கோ பிந்திய ஒன்றிரண்டு நாள்கள், திடீரென ஏறும் வெப்பம் ஆகியவற்றில் எதையாவது கண்டால், சோதனை எதுவும் தேவையில்லை. செங்குத்தான சாய்வை அன்றைக்கு விட்டுவிடலாம்.

கேள்வி: முன்னறிவிப்பில் அபாய நிலை 3 என்று போட்டிருந்தால், ஐந்தில் மூன்றுதானே, நடுத்தரம் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. பலரை மலைக்கு இழுத்துச் சென்ற தவறான கணக்கு இது. ஐரோப்பாவில் 1993 முதல் பொதுவாகப் பின்பற்றப்படும் ஐந்து நிலை அளவுகோலில் ஒவ்வொரு படிக்கும் அபாயம் சம அளவில் கூடுவதில்லை. மேலே செல்லச் செல்லப் படிகள் உயரமாகிக்கொண்டே போகின்றன. நிலை 3 என்றால், செங்குத்தான பல சாய்வுகளில் பனி போதிய பிடிப்பின்றி இருக்கிறது, ஒரே ஒரு ஆளின் எடையே அதைக் கிளப்பிவிடக்கூடும் என்று பொருள். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்த நிலை 3 அறிவிக்கப்பட்ட நாள்களில்தான் இறக்கிறார்கள். நிலை 5 நாளில் யாரும் வெளியே வருவதில்லை. நிலை 3 நாளில் வானம் நீலமாக இருக்கும், எல்லோரும் வருவார்கள்.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடாதீர்கள். எந்த உயரத்துக்கு மேல், எத்திசை நோக்கிய சாய்வுகளில், எந்த வகைச் சிக்கல் என்று கீழே எழுதியிருப்பதுதான் பயன்படும் பகுதி. காற்றுப் பாளம் என்றால் அதைக் கண்ணால் கண்டு ஒதுங்கிவிட வாய்ப்புண்டு. ஆழத்தில் பழைய வலுவற்ற அடுக்கு என்றால் மேலே நின்று பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது, அகன்று செல்வதைத் தவிர வழியில்லை.

கேள்வி: பனிக்குழி தோண்டிச் சோதித்து, நிலையாக இருக்கிறது என்று தெரிந்தால் சாய்வைக் கடக்கலாம் அல்லவா?

பதில்: குழி தோண்டக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அனுமதிச் சீட்டாக அதைப் பயன்படுத்தாதீர்கள். 90 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள தூணை வெட்டி, ஒரு முனையில் ஷவலை (பனி வாரும் கைமண்வாரியை) வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டும் நீட்டிய தூண் சோதனை நல்ல சோதனை. முறிவு தூணின் மறுமுனை வரை ஒரே ஓட்டமாக ஓடிவிட்டால், அங்கே பாளம் பெயர்வதற்கு ஆயத்தமாக இருக்கிறது, திரும்பிவிடலாம். ஓடவில்லை என்றால் தெரிய வருவது, அந்த ஒரு தூணில் ஓடவில்லை என்பது மட்டுமே. பத்து மீட்டர் தள்ளி ஒரு பாறையின் மேல் பனி மெலிந்திருக்கும் இடத்தில் விடை மாறக்கூடும். கெட்ட செய்தியை நம்புங்கள், நல்ல செய்தியை நம்பாதீர்கள் என்று நான் பயிற்சியாளர்களிடம் சொல்வது இதனால்தான்.

கேள்வி: அறிவு இருந்தும் அனுபவசாலிகள் சிக்கிக்கொள்கிறார்களே, ஏன்? பணம் கட்டி வந்தவர்களிடம் ‘இன்று சிகரம் இல்லை’ என்று சொல்வது எனக்கு மிகக் கடினமாக இருக்கிறது.

பதில்: இரண்டாவது வாக்கியத்திலேயே முதல் வாக்கியத்துக்கு விடையையும் எழுதிவிட்டீர்கள். பனிச்சரிவில் சிக்குவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், சரிவைக் கிளப்பியவர் அவரோ அவருடைய குழுவைச் சேர்ந்தவரோதான். அதாவது, விபத்தின் காரணங்களில் பனி ஒன்று, அந்தச் சாய்வுக்குப் போகலாம் என்ற முடிவு இன்னொன்று. அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கேமன் 700க்கும் மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்து, எந்த எளிய மனக்குறுக்குவழிகள் ஆபத்தின் அறிகுறிகளை மறைத்துவிடுகின்றன என்று காட்டினார். பழகிய இடம், பிறர் முன்னிலையில் மதிப்பை இழக்க விரும்பாமை, தொடங்கியதை முடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதம், குழுவில் ஒருவரை நிபுணராகக் கருதி மற்றவர்கள் வாய்மூடிக்கொள்வது, புதுப்பனியில் முதல் தடம் பதிக்கும் ஆசை, ஏற்கெனவே சிலர் போன தடத்தைக் கண்டதும் வரும் துணிவு ஆகியவை அவற்றில் அடங்கும்.

கடைசியாகச் சொன்ன தடம் தனியாகக் கவனிக்கத்தக்கது. ஒன்பது பேர் கடந்த சாய்வைப் பத்தாமவர் முறித்துவிடுவது உண்டு. பாளம் ஒரே தடிப்பில் இருப்பதில்லை. அது மெலிந்திருக்கும் இடத்தில் வைத்த கால் யாருடையதோ அவருக்குக் கீழேதான் வலுவற்ற அடுக்கு நொறுங்கும். முன்னே சென்ற ஒன்பது பேரும் அந்த இடத்தை மிதிக்கவில்லை என்பதற்கு மேல் அவர்களுடைய தடம் எதையும் நிரூபிப்பதில்லை.

கடினமான வார்த்தையைச் சொல்வதற்கு நான் கண்ட வழி, அதைச் சாய்வின் நடுவில் சொல்லாமல் காலை உணவின்போதே சொல்லிவிடுவது. பாதையில் முடிவெடுக்க வேண்டிய இரண்டு மூன்று இடங்களை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துவிட்டு, ‘இந்த மலைத்தோளை அடையும்போது காற்று இப்படி இருந்தாலோ, புதிய விரிசல் கண்டாலோ, நாம் இடப்பக்க முகட்டின் வழியே இறங்குகிறோம்’ என்று எல்லோர் முன்னிலையிலும் நிபந்தனையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தை அடையும்போது மனத்தளர்ச்சி வரலாம், வாக்குவாதம் வராது. மாற்றுப் பாதையும் நடப்பதற்கு இனியதாக இருக்குமாறு தேர்ந்தெடுங்கள். ‘திரும்புகிறோம்’ என்பதைவிட ‘அங்கே போகிறோம்’ என்பதை மக்கள் எளிதாக ஏற்கிறார்கள். கருத்துக் கேட்கும்போது குழுவில் மிகக் குறைவாகப் பேசுபவரிடம் முதலில் கேளுங்கள். தலைவர் தம் கருத்தைச் சொல்லிவிட்ட பிறகு கேட்டால் அவர் தலையசைக்க மட்டுமே செய்வார்.

ஐயத்துக்குரிய சாய்வு எதையும் தவிர்க்க முடியாமல் கடக்க நேர்ந்தால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் செல்ல வேண்டும். மற்றவர்கள் சரிவின் பாதைக்கு வெளியே நின்று அவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்திருக்க வேண்டும். கைத்தடியின் வார்களை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுவது நல்லது. கீழே ஓடைப் பள்ளமோ பாறை விளிம்போ இருந்தால், சிறிய சரிவும் ஆழமாகப் புதைத்துவிடும் அல்லது தள்ளிவிடும் என்பதால், அங்கே இந்த முறையும் போதாது.

கேள்வி: விபத்து நடந்ததும் மலைமீட்புப் படைக்குத் தகவல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதானே முறை? பயிற்சியில்லாதவர்கள் தோண்டினால் கேடு விளையாதா?

பதில்: தகவல் கொடுக்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரை பனிக்குள் புதையுண்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, முதல் 10 நிமிடங்களுக்குள் எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்திருப்பதைக் காட்டுகிறது. அரைமணி நேரம் ஆகும்போது அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பழைய பாடங்களில் 15 நிமிடம் என்று சொல்லப்பட்டுவந்த அவகாசம் இப்போது 10 ஆகச் சுருங்கிவிட்டது. ஹெலிகாப்டர் எவ்வளவு விரைவாகப் புறப்பட்டாலும், அழைப்பு சேர்ந்து, ஆள் ஏறி, மலைக்கு வந்து இறங்குவதற்குள் அந்த நேரம் பெரும்பாலும் கடந்திருக்கும். ஆகவே உயிரோடு எடுக்கக்கூடியவர்கள் அந்த நேரத்தில் அங்கே நிற்கும் தோழர்களே.

தலைவர் முதலில் ஓடக் கூடாது. அசையாமல் நின்று, சரிவு நிற்கும் வரை புதைந்தவர் கடைசியாகத் தெரிந்த இடத்தில் கண்ணைப் பதித்திருக்க வேண்டும். மேலே இன்னொரு பாளம் தொங்குகிறதா என்று பார்த்து, தலைகளை எண்ணி, உரத்த ஆனால் அலறாத குரலில் வேலைகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுக்க வேண்டும்: ஒருவர் தொலைபேசியில் தகவல் சொல்வார், ஒருவர் சாய்வைக் காவல் பார்ப்பார், இருவர் டிரான்ஸீவரோடு (ஒவ்வொருவரும் உடலில் அணிந்து, நடக்கும்போது சமிக்ஞை அனுப்பவும் விபத்தில் பிறர் சமிக்ஞையைத் தேடவும் பயன்படுத்தும் கருவி) தேடுவார்கள், மற்றவர்கள் ப்ரோபையும் (பனிக்குள் குத்தித் துழாவும் நீண்ட மடிப்புக் கம்பி) ஷவலையும் பொருத்திக்கொண்டு பின்தொடர்வார்கள். ‘யாராவது கூப்பிடுங்கள்’ என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். தொலைபேசிக்குச் சமிக்ஞை இல்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு என்ற அபாய அறிவிப்பைத் தொடரலாம்.

கேள்வி: டிரான்ஸீவரில் தேடும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். எங்கள் பயிற்சியில் கருவி அடிக்கடி குழம்பியது.

பதில்: குழம்பியது கருவியாக இல்லாமலும் இருக்கலாம். முதலில் கேட்க வேண்டியது, மீதமுள்ள எல்லோரும் தங்கள் கருவிகளைத் தேடும் நிலைக்கு மாற்றிவிட்டார்களா என்பது. ஒருவர் மறந்துவிட்டால் எல்லோரும் அவரையே தேடிக்கொண்டிருப்பார்கள். அடுத்து, தொலைபேசி. 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் இந்தக் கருவியைத் தொலைபேசி, கைக்கடிகாரக் கணினி, பேட்டரியால் சூடேறும் கையுறை, கேமரா ஆகிய எல்லாம் தொந்தரவு செய்யும். அனுப்பும் நிலையில் அவற்றைக் குறைந்தது 20 சென்டிமீட்டரும், தேடும் நிலையில் 50 சென்டிமீட்டரும் தள்ளி வைக்க வேண்டும்.

தேடலில் மூன்று கட்டங்கள் உண்டு. சமிக்ஞை கிடைக்கும் வரை, கடைசியாகத் தெரிந்த இடத்துக்குக் கீழே பனிக்குவியலின் மேல் விரைவாக, கண்ணையும் பயன்படுத்திக்கொண்டு செல்ல வேண்டும். ஒரு கையுறையோ தடியின் முனையோ வெளியே தெரிந்தால் எல்லாக் கருவிகளையும்விட அது விரைவானது. இரு தேடுபவர்களுக்கு இடையில் விடக்கூடிய அகலம் பல கருவிகளில் 40 முதல் 50 மீட்டர். உங்கள் கருவியின் கையேட்டில் உள்ளதே உங்களுக்குரிய எண். சமிக்ஞை கிடைத்ததும் அம்புக்குறியைப் பின்பற்றிச் செல்கையில் பாதை வளைந்து போவது இயல்பு. அது காந்தப்புலக் கோட்டின் வளைவு, கருவியின் பிழையன்று. கருவியின் திரையில் தொலைவைக் காட்டும் எண் 3 அளவுக்கு இறங்கியதும் நடையை நிறுத்தி மண்டியிட்டு, கருவியைப் பனியின் மேற்பரப்போடு ஒட்டி, அதன் திசையைத் திருப்பாமல், மெதுவாக நேர்க்கோட்டிலும் பிறகு குறுக்காகவும் நகர்த்தி, மிகக் குறைந்த எண் வரும் இடத்தைக் கண்டறிய வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் செய்யும் தவறு, இந்தக் கடைசிக் கட்டத்திலும் முதல் கட்டத்தின் வேகத்தில் கையை ஆட்டுவது.

அந்தப் புள்ளியிலிருந்து ப்ரோபைப் பனியின் மேற்பரப்புக்குச் செங்குத்தாக இறக்கி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாக வெளியே செல்லுங்கள். தரை ‘டக்’ என்று தட்டும். உடல் மெத்தென்று எதிர்க்கும். பட்டுவிட்டால் ப்ரோபை உருவாதீர்கள். அதன் அளவுக் குறி ஆழத்தைச் சொல்லும், தோண்டுபவர்களுக்கு அதுவே கம்பம்.

கேள்வி: தோண்டுவதற்கும் முறை உண்டா? எல்லோரும் சேர்ந்து ப்ரோபைச் சுற்றித் தோண்டினால் ஆகாதா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி. கருவியோடு தேடுவது பயிற்சிகளில் விளையாட்டுப்போல இருப்பதால் எல்லோரும் அதைப் பழகுகிறார்கள்; தோண்டுவதை யாரும் பழகுவதில்லை. ஆனால் தோழர்கள் நடத்தும் மீட்பில் பெரும்பகுதி நேரம் தோண்டுவதிலேயே போகிறது. ஓடிவரும்போது பொடியாகத் தெரிந்த பனி, நின்ற சில நிமிடங்களில் துகளோடு துகள் பிணைந்து, காய்ந்த சிமெண்ட் காரைபோல இறுகிவிடுகிறது. அதன் ஒரு கன மீட்டர் 300 முதல் 500 கிலோ வரை எடையுள்ளது. ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை வெளியே எடுக்க, ஒரு டன்னுக்கும் மேற்பட்ட பனியை நகர்த்த வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் ஷவல் அங்கே உடைந்துபோகும்; உலோக அலகும் நீளும் கைப்பிடியும் உள்ளதையே வாங்குங்கள்.

ப்ரோபைச் சுற்றி நேர் கீழாகத் தோண்டினால் கிணறு உருவாகும். பனியை மேலே தூக்கி எறிய வேண்டும், ஒருவருக்கு மேல் நிற்க இடமிருக்காது, நம் எடை முழுவதும் புதைந்தவர் மேல் விழுந்து, அவருடைய முகத்தருகே உள்ள சிறு காற்றிடத்தை நசுக்கிவிடக்கூடும். எனவே ப்ரோபுக்குக் கீழ்ப்புறச் சாய்வில், புதைந்த ஆழத்தைப்போல ஒன்று முதல் ஒன்றரை மடங்கு தள்ளித் தொடங்கி, ப்ரோபை நோக்கிக் கிடைமட்டமாகச் செல்லும் அகலமான வாய்க்காலை வெட்ட வேண்டும். சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு மீட்பு வல்லுநர் மானுவேல் கென்ஸ்வைன் வகுத்த முறையில் குழு தலைகீழ் ‘V’ வடிவில் நிற்கிறது. முனையில் நிற்பவர் பனியைப் பாளம் பாளமாக வெட்டி மட்டும் தருவார். பின்னால் நிற்பவர்கள், ஒருவருக்கொருவர் சுமார் 80 சென்டிமீட்டர் இடைவெளியில், படகுத் துடுப்பு வலிப்பதுபோல அதை நடுவாய்க்கால் வழியே கீழே தள்ளிக்கொண்டே இருப்பார்கள். தூக்கி வீசுவது இதில் இல்லை. முனையில் நிற்பவர் நான்கு நிமிடத்துக்கு மேல் முழு வேகத்தில் உழைக்க முடியாது. களைத்தேன் என்று சொல்ல மாட்டார் என்பதால், தலைவர் கடிகாரத்தைப் பார்த்து எல்லோரையும் ஓர் இடம் சுழற்றிவிட வேண்டும். உடலின் எந்தப் பகுதி தெரிந்தாலும், அங்கிருந்து தலை எப்பக்கம் என்று கணித்து, முகத்தையும் மார்பையும் முதலில் விடுவியுங்கள். கால்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வெளியே எடுத்தவருக்கு மூச்சில்லை என்றால் என்ன செய்வது? உடல் சில்லிட்டிருந்தால் இறந்துவிட்டார் என்று கொள்ளலாமா?

பதில்: முகம் தெரிந்த கணமே, உடல் இன்னும் பனிக்குள் இருக்கும்போதே, வாயும் மூக்கும் பனியால் அடைபட்டிருக்கின்றனவா, முகத்தின் முன்னே காற்றிடம் இருந்ததா என்று பார்த்து மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும். எத்தனை மணிக்குப் புதைந்தார், எத்தனை மணிக்கு முகம் வெளிவந்தது என்பதையும் எழுதிவையுங்கள். புதைந்தவர்களைக் கொல்வது பெரும்பாலும் மூச்சுத்திணறல் என்பதால், மூச்சில்லாதவருக்கு வெறும் மார்பழுத்தம் போதாது. முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்துக் காற்று ஊதிவிட்டு, பிறகு சி.பி.ஆர். (மார்பழுத்தமும் வாய்வழிக் காற்றும் மாறி மாறிக் கொடுப்பது) தொடங்க வேண்டும். பாறையிலோ மரத்திலோ மோதியிருக்கலாம் என்பதால் கழுத்தையும் முதுகையும் எச்சரிக்கையாகக் கையாளுங்கள். ஆனால் அந்த எச்சரிக்கை மூச்சுப்பாதையைத் திறப்பதைத் தாமதப்படுத்தக் கூடாது.

சில்லிட்ட உடலைப் பற்றி: ஒரு மணி நேரத்துக்கு மேல் புதைந்திருந்து, மூச்சுப்பாதை அடைபடாமல் இருந்தவர், குளிரினால் இதயம் நின்றவராக இருக்கலாம். குளிர் மூளையைக் காப்பாற்றி வைத்திருக்கும் அத்தகையவரை, உடலுக்கு வெளியே ரத்தத்தைச் சூடாக்கும் இயந்திரமுள்ள மருத்துவமனையில் மீட்க முடிந்திருக்கிறது. பனிச்சரிவில் அல்ல, உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கிய ஒரு பெண் மருத்துவர், 1999இல் நார்வேயில், உடல் வெப்பம் 13.7 டிகிரிக்கு இறங்கிய பிறகும் பிழைத்தார். இறந்துவிட்டார் என்று அறிவிப்பது தலைவரின் வேலையன்று. மீட்புப் படை வந்து பொறுப்பேற்கும் வரை தொடருங்கள். உணர்வோடு இருப்பவரையும் எழுப்பி நடக்கவைக்காதீர்கள். படுத்த நிலையிலேயே, குலுக்காமல், பனியிலிருந்து பிரித்து, காற்றுப்படாமல் போர்த்துங்கள்.

கேள்வி: காற்றுப்பை உள்ள முதுகுப்பை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். பிடியை இழுத்ததும் விரிந்து, ஆளைப் பனியின் மேற்பரப்புக்கு அருகில் வைத்திருக்க உதவுவது இந்தப் பை. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, கடுமையாகச் சிக்கியவர்களில் இறப்பவர் விகிதம், பை விரிந்தபோது 22 விழுக்காட்டிலிருந்து 11 ஆகக் குறைகிறது. அதே ஆய்வில் ஐந்தில் ஒரு பை விரியவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றில் பிடியை இழுக்க வேண்டியவர் இழுக்கவில்லை. பை இருக்கிறதே என்று செங்குத்தான சாய்வைத் தேர்ந்தெடுப்பவருக்கு அது லாபமில்லை.

கேள்வி: நடந்தே செல்லும் எங்கள் குழுவில் டிரான்ஸீவர் கிடையாது. புதைந்தவரைத் தேட வேறு வழி உண்டா?

பதில்: கடைசியாகத் தெரிந்த இடத்தையும், வெளியே கிடக்கும் பொருள்களையும் இணைக்கும் கோட்டின் கீழ்ப்பகுதியில், பனி குவிந்த மேடுகள், வளைவுகள், பாறை மறைவுகள் ஆகிய இடங்களில் ப்ரோபால் துழாவலாம். ஒழுங்கான வரிசையாக நின்று துழாவுவதற்கு நிறைய ஆள் வேண்டும், நேரமும் ஆகும். பத்து நிமிடக் கணக்குக்குள் அது அடங்காது. ஆகவே கருவியில்லாத குழு செல்லக்கூடிய சாய்வுகளின் பட்டியல் மிகச் சிறியது என்பதைத் தலைவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: புதைந்தவர் தலைவராகவே இருந்தால்?

பதில்: அதற்கான வாய்ப்பே அதிகம் என்று சொல்வேன். ஐயமுள்ள சாய்வில் முதலில் கால் வைப்பவர் பெரும்பாலும் தலைவர்தான். இவ்வளவு நேரம் நான் எழுதியவை எல்லாம் அவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அந்தக் கணத்தில் குழுவில் யாருக்கும் எதுவும் தெரியாது என்றே பொருள். எனவே புறப்படும் முன் பொறுப்பேற்க வேண்டிய இரண்டாமவரைப் பெயர் சொல்லி அறிவியுங்கள். வரைபடமும், மீட்புப் படையின் எண்ணும், மாற்றுப் பாதையும் அவரிடமும் இருக்கட்டும். முதல் நாள் காலையில் இருபது நிமிடம் ஒதுக்கி, அதிகப்படியாகக் கொண்டுவந்த ஒரு டிரான்ஸீவரை அனுப்பும் நிலையில் பைக்குள் வைத்துப் பனியில் புதைத்துவிட்டு, அனுபவம் மிகக் குறைந்தவரிடம் தேடலை ஒப்படையுங்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள், வாயையும் திறக்காதீர்கள். முதல் முறை அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கேட்டு எல்லோரும் திகைப்பார்கள். இரண்டாம் முறை, யாரும் சொல்லாமலே, வேலைகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள்.

பயிற்சி முடிந்ததும் எல்லாக் கருவிகளும் மறுபடி அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டனவா என்று பார்ப்பது மிக முக்கியம். தலைவர் ஓரிடத்தில் தேடும் நிலையில் நிற்க, மற்றவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடந்து செல்வதுதான் வழக்கமான சோதனை. எல்லோரையும் சோதித்த தலைவரின் கருவியைச் சோதிக்க ஆளில்லாமல் போவதும் வழக்கமே. ஆகவே கடைசியாகக் கடந்தவர் தம் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றித் திரும்பி நிற்கட்டும். தலைவர் அவரைக் கடந்து செல்லட்டும். தலைவரின் கருவியும் அனுப்புகிறது என்று அவர் உரக்கச் சொல்லி, தம்முடையதையும் தலைவர் பார்க்க மறுபடி அனுப்பும் நிலைக்கு மாற்றிய பிறகே நடையைத் தொடங்குங்கள்.